மெத்தை கலையாமல் பார்த்தவர்

அந்த அக்கா வால்வு திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த யாருக்கும் எரிச்சல் வராமல் இருந்ததில்லை. சக்கரத்தின் மேல் கையை வைப்பார். ஒரு விரல் அளவுக்குத் திருப்புவார். நிறுத்துவார். இன்னொரு கையைத் தொட்டியின் வயிற்றில் வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்கிறவர்போல நிற்பார். பிறகு இன்னொரு விரல் அளவு. பின்னால் இருபது முப்பது குடங்கள் வரிசையில் இருக்கும். யாராவது "சீக்கிரம் தொறங்கக்கா, அடுப்புல சோறு வெச்சிட்டு வந்திருக்கேன்" என்றால் முகத்தைக்கூடத் திருப்பாமல் "நிதானா" என்பார்.

அந்த அக்கா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். கன்னடத்தில் அதற்கு மெதுவாக என்று மட்டும்தான் பொருள். தமிழ் பேசுகிறவர்கள் காதில் அது புத்தி சொல்வதுபோல விழும். அந்த ஊரில் தண்ணீர்ச் சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல்லால் வந்தவை.

பாலக்கோட்டிலிருந்து வரும் டவுன் பஸ் வந்து திரும்பிப்போகிற கடைசி ஊர் அது. நான் அங்கே ஊராட்சிச் செயலராகப் போனேன். ஊரில் எங்களை இன்னும் க்ளார்க்கு என்றுதான் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களைப் போல அங்கும் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அது ருசியிலும் தெரியாது, நிறத்திலும் தெரியாது. சின்ன வயதில் குடித்தால் முளைக்கிற பல் பழுப்பாக வரும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும். அதற்காகத்தான் அந்தத் தொட்டியை அமைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும் இரும்புத் தொட்டி. உள்ளே அடியில் கூழாங்கல், அதற்குமேல் ஒரு வலை, வலைக்குமேல் நெஞ்சளவுக்கு ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள். மோட்டார் இறைக்கிற தண்ணீர் மேலே நுழைந்து மணிகளுக்கு நடுவே இறங்கும்போது மணிகள் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கிற குழாயில் நல்ல தண்ணீர் வரும். ஊரில் அதற்குப் பல்லு டேங்கு என்று பெயர். மணிகள் கிடக்கிற அடுக்கை அந்த அக்கா மெத்தை என்பார்.

தொட்டியை அமைக்க வந்த இளம் இன்ஜினியர் மூன்று நாள் ஊரில் தங்கி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாராம். முதல் நாள் டீ குடித்து முடிக்கும்வரை எல்லாரும் கேட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம்வரை கேட்டவர் இந்த அக்கா ஒருவர்தான். அதனால் இயக்குகிற வேலை அவருக்கு வந்தது.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரிடம் மாட்டிக்கொண்டேன். வட்டார அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல். அவரைக் காணவில்லை. சாவி கதவிலேயே இருந்தது. அவர்கள் வரும்போது குழாயில் தண்ணீர் கொட்டினால் பார்வையாக இருக்குமே என்று நானே உள்ளே போய் மோட்டாரைப் போட்டேன். தொட்டி ஒருமுறை அதிர்ந்தது. எங்கிருந்து ஓடிவந்தார் என்று தெரியவில்லை, என் கையைத் தட்டிவிட்டு மோட்டாரை அணைத்தார்.

"யாருங்க இதப் போட்டது?"

"நான்தான். புது க்ளார்க்கு."

"புதுசுன்னா தள்ளி நின்னு பாருங்க. கைய வெக்காதீங்க."

கழுத்து திரும்பாது அவருக்கு. நாற்பது வயதுகூட ஆகவில்லை, எலும்பு பிடித்துக்கொண்டுவிட்டது. என்னைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பவேண்டியிருந்தது. அப்படித் திரும்பி நின்று சொன்னார்: "வால்வு தொறந்து கெடக்கறப்ப மோட்டாரைப் போட்டா தண்ணி எடுத்த எடுப்புல அடிக்கும். மெத்தையில குழி பறிச்சிரும். ஒரு தடவ குழி உழுந்துச்சின்னா அப்புறம் அந்த வழியாவே போவும் தண்ணி. சுத்தி இருக்கற மணியெல்லாம் சும்மா குந்தியிருக்கும். நீங்க குடிக்கறது போர்த் தண்ணிதான். வேற எதுவும் இல்ல."

கெட்டுப்போனதைச் சரிசெய்யக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். அதற்கும் அதே விரல் அளவுதான். மணிகள் மெல்ல எழும்பி, மிதந்து, மறுபடி சீராகப் படியவேண்டுமாம். அவசரப்பட்டால் மெத்தை மொத்தமாக எழும்பி மேலே இருக்கிற சல்லடையில் இடித்துக்கொள்ளுமாம். ஆய்வுக்கு வந்தவர்கள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்கள். என்னைத்தான் திட்டினார்கள்.

இப்படி ஒருவர் இருக்கக் காரணம் இல்லாமல் இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பல்லெல்லாம் காப்பித்தூள் அப்பியதுபோல இருக்கும். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். மூன்று வீட்டார் பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போய்ப் பதில் சொல்லவில்லை. கடைசியில் ராயக்கோட்டைப் பக்கம் பெண்டாட்டி இறந்துபோன ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை தேடுகிற நேரத்தில்தான் சின்னவள் பிறந்தாள். ஊர் அதற்கு ஒரு மாதம் சிரித்தது. அவள் பிறந்த வருடமே தொட்டியும் வந்தது.

சின்னவளை மோட்டார் ரூம் வாசலில் சாக்கு விரித்து உட்காரவைத்திருப்பார். நான் போகும்போதெல்லாம் அவள் உதட்டைத் தூக்கிக் காட்டுவார்.

"பாருங்க சார். இது பால் பல்லு, இது கணக்கில்ல. இது உழுந்து மொளைக்குது பாருங்க, அந்தப் பல்லு இப்பதான் உள்ளுக்குள்ள உருவாவுதாம். இப்ப குடிக்கற தண்ணியிலதான் இருக்குதாம் எல்லாம். தர்மபுரி டாக்டரம்மா சொன்னாங்க."

ஊரில் மற்றவர்களுக்கும் குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் மற்றவர்களுக்குக் குடம் நிறைவதுதான் கண்ணில் தெரிந்தது. ஒரு குடம் நிறைய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒருமுறை கிராம சபைக் கூட்டத்தில் இதைப்பற்றிச் சத்தம் எழுந்தபோது, கழுத்தறுத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் கேழ்வரகை நிரப்பி எடுத்துவந்தார். அடியில் துளைபோட்டுத் துணி கட்டியிருந்தார். சொம்பில் இருந்த மஞ்சள் தண்ணீரை முதலில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் காட்டினார். கேழ்வரகு முழுவதும் மெல்ல நனைந்துகொண்டே வந்தது. அப்புறம் அதேபோல நிரப்பிய இன்னொரு பாட்டிலை எடுத்து அதில் ஒரே மூச்சில் ஊற்றினார். தண்ணீர் ஓரமாக ஒரு தடம் பிடித்து ஓடி அடியில் கொட்டிவிட்டது. மற்றப் பக்கம் தானியம் காய்ந்தே கிடந்தது.

"பாத்தீங்களா" என்றார்.

"பாத்தோம். ரெண்டு படி கேவுரு வீணாப்போச்சு" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மணிகளுக்கு ஒரு காலம் உண்டு. அது தீர்ந்ததும் புதிதாக நிரப்பவேண்டும். நிரப்ப வந்த ஒப்பந்தக்காரர் ஆட்கள் மூட்டையைப் பிரித்து நேராகக் கொட்டப் போனார்கள். இவர் ஏணியில் ஏறித் தொட்டியின் வாயின்மேல் உட்கார்ந்துகொண்டார். பாதித் தொட்டி தண்ணீர் நிரப்பாமல் ஒரு மணிகூட உள்ளே போகக்கூடாது என்றார். காய்ந்ததைக் கொட்டினால் நடுநடுவே காற்று மாட்டிக்கொள்ளும், மெத்தை உட்காராது என்பது அவர் வாதம். அன்றைக்கு மோட்டார் போடக் கரண்ட் இல்லை. கரண்ட் வர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை இறங்கவில்லை. வந்தவர்கள் பேசாத பேச்சு இல்லை. ஒருவன் என்னிடம் வந்து, "இந்தம்மாவ எப்புடி சார் வெச்சி ஓட்டறீங்க?" என்றான்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண், பன்னிரண்டாவது படித்தவள், இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறேன் என்று மூன்றுமுறை என் எதிரிலேயே கேட்டாள். மூன்றுமுறையும் "அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அவள் கை வேகமான கை என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்தப் பெண் காய் நறுக்குவதைப் பார்த்து முடிவு செய்தாராம்.

ஒரு சித்திரை மாதத்தில் ஆனேக்கல்லில் இருந்த அவருடைய அண்ணன் இறந்துபோனார். தகவல் வந்ததும் மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டு நாள் தொட்டி ஓடவில்லை. ஊரில் ஒரு கல்யாண வீடு. ஜனங்கள் வயல் மோட்டாரில் தண்ணீர் பிடித்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் பூட்டை உடைக்கலாமா என்று பேச்சு வந்தது. மூன்றாம் நாள் காலையில், அழுது வீங்கிய முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியவரை அங்கேயே சூழ்ந்துகொண்டார்கள்.

"எழவு வூட்டுக்குப் போனத தப்புன்னு சொல்லல. சாவிய யாருகிட்டயாச்சும் குடுத்துட்டுப் போவறதுக்கு என்ன?"

"குடுத்தா தொறந்துருவீங்க."

"தொறக்கறதுக்குத்தான அது இருக்குது?"

"எப்புடித் தொறக்கறதுன்னு கேக்கற மூஞ்சி ஒண்ணக் காட்டுங்க. குடுக்கறேன்."

அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நின்றிருந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அந்த அக்கா செய்தது தப்பு. ஊர் அவருக்குச் செய்ததை வைத்து அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அடுத்த வாரம் ஊராட்சித் தலைவர் கூட்டம் போட்டார். பொதுமக்கள் நலன் கருதி என்று ஆரம்பிக்கிற தீர்மானத்தை எழுதியது நான்தான். தலைவரின் உறவுக்காரர், மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த ஒருவரிடம் சாவி போனது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. வால்வை முழுசாகத் திறந்துவைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு நிமிடத்தில் ஒரு குடம். பெண்கள் சிரித்துக்கொண்டே பிடித்துப்போனார்கள். தண்ணீர்ப் புகார் என்று யாரும் அலுவலகத்துக்கு வரவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் போனபின் ஒருநாள் காலையில் அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஒரு டம்ளரை என் மேசைமேல் வைத்தார். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை மணிகள் கிடந்தன.

"எங்க வூட்டுக் குடத்துல இருந்துச்சு. வலை கிழிஞ்சிருக்கணும். இல்லன்னா மணி வெளிய வராது. மெத்தை போயிருச்சுங்க சார்."

"சொல்றேன்க்கா."

"சொல்ல வேணாம். தண்ணி புடிச்சி லேப்புக்குக் குடுங்க. நாஞ்சொன்னா பொறாமைன்னுதான் சொல்லுவாங்க. லேப்பு சொல்லட்டும்."

அப்போதே அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம், பழைய திறந்த கிணறு ஒன்று உண்டு. ஆழமில்லாத கிணறு, அதில் ஃபுளோரைடு குறைவு. சின்னவளுக்காகத் தினமும் அங்கே போய் ஒரு குடம் எடுத்துவருவார். திரும்பாத கழுத்தோடு தலையில் சுமக்க முடியாது. இடுப்பில் வைத்துக்கொண்டு வழியில் நாலு இடத்தில் இறக்கி இறக்கி வருவார். போகிற வழியில் வீடு வீடாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

நான் தண்ணீர் பிடித்துத் தருமபுரி பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாளில் முடிவு வந்தது. போர்த் தண்ணீரில் எவ்வளவு இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவே குழாய்த் தண்ணீரிலும் இருந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"ஆத்துத் தண்ணி பைப்பு வேல நடந்துகிட்டு இருக்குது. இன்னும் ஆறு மாசமோ ஒரு வருசமோ. இப்ப போயி இத எடுத்துக் காட்டினா, ஆள மாத்துனது தப்புன்னு ஆயிரும். மறுபடி அந்தம்மாவக் கொண்டாந்து வெச்சி, மறுபடி அஞ்சு நிமிசத்துக்கு ஒரு கொடம். தேவையா நமக்கு? ஃபைல்ல வெய்யி."

வைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அவர் சொன்ன தோரணையில் மிரட்டல் இல்லை. எனக்கும் அப்போது இன்னொரு ரகளை வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா கிணற்றிலிருந்து வரும் வழியில் என் வண்டியை நிறுத்தினார். குடத்தைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கியது.

"லேப்புல என்ன வந்துச்சுங்க சார்?"

அந்த ஒரு இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு முழு நேரமும் இருந்தது. ரோட்டில் வேறு யாரும் இல்லை.

"நல்லாதான்க்கா இருக்குது. அளவுக்குள்ளதான்."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை, தப்பாக இருக்கும், இன்னொருமுறை பாருங்கள் என்பார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் முகம் தெளிந்தது.

"அளவுக்குள்ளன்னா செரிங்க சார். இன்ஜினியரு அன்னிக்கே சொன்னாரு. உன் கைய நம்பாத, காத நம்பாத, லேப்பு நம்பர மட்டும் நம்புன்னு. நாந்தான் ரொம்ப நெனச்சிட்டேன் போல."

மறுநாள் அவர் குழாய் வரிசையில் நின்றிருந்தார். அந்த ரீவைண்டிங்காரரிடம், "கோவிச்சுக்காதப்பா, வேகமாத் தொறந்தாலும் கேக்குதாட்டம் இருக்குது இந்த மெத்தை" என்று சொன்னதாக அவரே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்குப்பிறகு அந்த அக்கா ஏரிக்கு அந்தப் பக்கம் போகவில்லை. சின்னவளுக்கு அப்போது இரண்டரை வயது.

ஆறு மாதமோ ஒரு வருடமோ என்று தலைவர் சொன்ன ஆற்றுத் தண்ணீர் வர நாலு வருடம் ஆனது. வந்தபின் தொட்டியை ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக்காரர் அங்கேயே கேஸ் வைத்து அறுத்தார். பார்த்துக் கையெழுத்து வாங்க நான் போயிருந்தேன். அந்த அக்காவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

பக்கவாட்டுத் தகடு கழன்று விழுந்தது. உள்ளே மணிகளில் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. மிச்சம் ஒரே கட்டியாக இறுகி, சிமெண்ட் மூட்டை மழையில் நனைந்து காய்ந்ததுபோல நின்றது. அதன் ஒரு ஓரத்தில் மேலிருந்து அடிவரை ஒரு பொந்து. தண்ணீர் போய்ப்போய் வழவழவென்று ஆகியிருந்தது. கட்டியின் மறுபக்கம் தண்ணீர் ஓடிய அடையாளமே இல்லை.

அந்த அக்கா கிட்டே வந்தார். பொந்துக்குள் கையை விட்டார். முழங்கைவரை தாராளமாகப் போனது. கையை எடுத்து, மகளின் முகத்தைத் தூக்கி, உதட்டை விலக்கிப் பார்த்தார். மேலே முன்பல் இரண்டும் புதிதாக இறங்கியிருந்தன. குறுக்கே பழுப்புக் கோடு ஓடியது. அந்தப் பல் முளைத்துச் சில மாதங்கள் ஆகியிருக்கவேண்டும். இத்தனை நாள் அதற்கு வேறு என்ன காரணம் நினைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

என்னை நோக்கித் திரும்பினார்.

"அந்தக் காயிதம் இருக்குதுங்களா சார்?"

"இருக்குதுக்கா."

"அளவுக்குள்ளன்னா போட்டிருக்குது?"

நான் கையிலிருந்த ஏலத் தாளை மடித்தேன். அறுத்துக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அந்த அக்கா கத்துவார், ஊரைக் கூட்டுவார் என்று நின்றிருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கிழிச்சிப் போட்டுறாதீங்க" என்றார். குரல் உயரவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. இவ இப்பதான் எழுத்துக் கூட்டறா. நல்லாப் படிக்கற வயசு வந்தப்பறம் கொண்டாந்து இவ கையில குடுங்க. என்ன போட்டிருக்குதுன்னு அவளே படிச்சிக்கட்டும். நாஞ்சொன்னா, எங்கம்மா பாக்காம உட்டுட்டான்னுதான நெனப்பா."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதமே கேட்டு அரூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டேன். வரும்போது அந்தக் காகிதத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். மூலம் அலுவலகக் கோப்பில் இருக்கிறதா, பழைய கோப்புகளோடு போய்விட்டதா என்று கேட்டுப் பார்த்ததில்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் அவர் காய் பிரிக்கிற வேலைக்கு வருகிறார் என்று கேள்வி. ஒருமுறை அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழத்தைப் பெட்டியில் வீசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் இறங்கவில்லை.

போன மாதம் அந்த ஊர்க்காரர் ஒருவரை அரூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். சின்னவள் எட்டாம் வகுப்பாம். வாயைத் திறந்து பேசமாட்டாளாம், ஆனால் படிப்பில் முதலாம். எழுத்துக் கூட்டுகிற வயது என்று சொல்லி அந்த நகலைக் கொடுப்பதைத் தள்ளிப்போட இனி எனக்கு வழியில்லை. பாலக்கோட்டுக்கு பஸ் மாறிப் போனால் மூன்று மணி நேரம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான்.